பழைய பாட்டுப் படங்களைத் திரும்பப் பார்க்கும்போது: பாட்டு ஒன்று சொல்லும், கதை ஒன்று சொல்லும்

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், வாசகசாலைக் கூடத்தில் மாதம் ஒரு பழைய பாட்டுப் படம் போடுகிறீர்கள். நந்தனார் (1942), ஹரிதாஸ் (1944), தில்லானா மோகனாம்பாள் (1968) மூன்றும் ஆகிவிட்டன. ஒவ்வொன்றுக்குப் பிறகும் பேச்சு முட்டிக்கொள்கிறது. பெரியவர்கள் பக்தி, சங்கீதம் என்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சாதி, பெண்ணை அடக்குவது என்கிறார்கள். யார் சொல்வது சரி, கூட்டத்தை எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருக்கும் ஹரிதாஸ் பிரதி 117 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, பாட்டு ஏதாவது வெட்டுப்பட்டிருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி.

பாட்டுப் படத்தில் கதை ஒரு பக்கம் போகும், பாட்டு சில சமயம் அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். பார்ப்பவர்களில் ஒரு சாரார் பாட்டை நம்புகிறார்கள், இன்னொரு சாரார் கதையை நம்புகிறார்கள். சண்டையில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஆகவே படம் முழுவதையும் தூக்கி வைத்து வாதாடுவதில் பயனில்லை. இரண்டு மூன்று பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, யார் பாடுகிறார், யாரைப் பார்த்து, யார் காதில் விழும்படி, அதற்கு முந்திய காட்சியில் என்ன நடந்தது, பிந்திய காட்சியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கருத்து ஒன்றாகிவிடாது. ஆனால் எதைப் பற்றி வேறுபடுகிறோம் என்பதாவது தெளிவாகும்.

அதற்கு முன்பு பிரதியைச் சரிபார்க்க வேண்டும். பழைய படத்தைப் பொறுத்தவரை, இரண்டு பேர் இரண்டு வகையாகப் பேசுவதற்கு அவர்கள் பார்த்த பிரதிகளே வேறாக இருப்பது ஒரு காரணம்.

35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள், அதாவது 16 தனித்தனிப் படங்கள். நொடிக்கு 24 சட்டம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கச்சா ஃபிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு வரம்பு வைத்தது. 11,000 அடி என்றால் ஏறக்குறைய 122 நிமிடம். அதற்கு முந்திய ஆண்டுகளில் முப்பது நாற்பது பாட்டுகளோடு வந்துகொண்டிருந்த படங்கள் பாட்டைக் குறைத்ததற்கு இந்த வரம்பும் ஒரு காரணம். ஹரிதாஸ் அந்த வரம்புக்குள் எடுக்கப்பட்ட படம். உங்கள் பிரதியில் ஐந்து நிமிடம் குறைவதைப் பார்த்ததும் பாட்டு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். நம் நாட்டு டிவி, வீடியோ நொடிக்கு 25 சட்டம் ஓடுவது. 24இல் எடுத்த படத்தை 25இல் ஓட்டிப் பதிந்தால் 122 நிமிடம் 117 ஆகும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆகவே படம் முழுசாக இருக்க வாய்ப்பு அதிகம், வேகம்தான் கூடியிருக்கிறது.

வேகம் கூடினால் சுருதியும் ஏறும். இந்த நான்கு சதவீத வேகத்துக்கு, சுருதியை அளக்கும் கட்டைக் கணக்கில், அரைக் கட்டையில் முக்கால் பங்கு அளவு ஏறிவிடும். நாலு கட்டையில் பாடியது கிட்டத்தட்ட நாலரைக் கட்டையில் கேட்கும். ஹரிதாஸின் நாயகன் தியாகராஜ பாகவதரின் குரல் ஏற்கெனவே மேல் ஸ்தாயியில் சுழல்வது. அது மேலும் மெலிந்து கீச்சென்று ஆகும்போது, முதல் முறையாகக் கேட்கிற பிள்ளைகள் சிரிப்பது இயல்பு. இதற்கு மாற்று எளிது. கணினியில் விஎல்சி மென்பொருளில் ஓடும் வேகத்தை 0.96 என்று வையுங்கள். அதோடு, வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு வசதி ஒலி அமைப்புகளுக்குள் இருக்கும். அதை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் படம் மெதுவாகும், சுருதி மட்டும் தப்பாகவே நிற்கும். கைபேசித் தம்பூராவை வைத்துச் சோதிக்கலாம். ஆனால் 1940களின் ஒலிப்பதிவில் ஆர்மோனியமே இன்றைய அளவுக்குச் சற்று விலகியிருக்கலாம், ஆகவே தம்பூராவை மட்டும் நம்பாமல் ஓட்ட நேரத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

பாட்டு வெட்டுப்பட்டிருக்கிறதா என்று அறிய நல்ல வழி அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கம் போட்டு, ‘மீதியை வெண்திரையில் காண்க’ என்று முடித்து, பாடல்களை வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். பழைய புத்தகக் கடைகளிலும் சேகரிப்பாளர்களிடமும் கிடைக்கும். அதிலுள்ள பாடல்களை எண்ணி, உங்கள் பிரதியோடு ஒப்பிடுங்கள். விசிடியில் இருந்து எடுத்த பிரதி என்றால் வட்டு மாறும் இடங்களைப் பாருங்கள். ஒரு வட்டு 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும். மூன்று மணி நேரப் படத்தில் இரண்டு இணைப்பு வரும், அந்த இடத்தில் பல்லவியின் தலையோ சரணத்தின் வாலோ போயிருக்கும்.

படத்தை அகலத் திரைக்கு இழுத்துப் போடாதீர்கள். இந்த மூன்று படங்களும் ஏறக்குறைய சதுரத்துக்கு அருகிலான பழைய சட்டத்தில் எடுத்தவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமே 1973இல் வந்த ராஜராஜ சோழன்தான். இரு பக்கமும் கறுப்பு விழட்டும். மிருதங்கத்தின் முகமும் நெற்றிப் பொட்டும் வட்டமாகத் தெரிந்தால் அளவு சரி. தில்லானா மோகனாம்பாள் ஈஸ்ட்மன் கலர். அந்த வகை ஃபிலிமில் நீலச் சாயம் முதலில் வெளுக்கும், படம் செம்மை ஏறிப் போகும். ஆகவே பத்மினியின் புடவை நிறத்தை வைத்து யாராவது பொருள் சொல்ல வந்தால், பிரதி நன்றாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒலியில், பாஸைக் கூட்டவே கூடாது. அக்கால ஒலித்தடத்தில் மிகக் கீழும் மிக மேலும் பெரிதாக ஒன்றும் இல்லை, கூட்டினால் இரைச்சல்தான் கூடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7,000க்கு மேலும் குறைத்துவிட்டு, ஒலிபெருக்கியைத் திரைக்கு அடியில் நடுவில் வையுங்கள். சொல் தெளிவாகக் கேட்கும். பாட்டுப் படத்தில் சொல் கேட்காமல் போனால் பாதிப் பொருள் போயிற்று.

இனி நந்தனார். மூன்றில் இதுதான் அடர்த்தியானது. நம் பக்கத்துக் கதை, நம் பக்கத்துப் பாட்டு. அதனாலேயே கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மனத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று நந்தன்கள் இருக்கிறார்கள்.

முதல் நந்தன் பெரியபுராணத்தின் திருநாளைப்போவார். ஆதனூரில் பிறந்து, கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். சேக்கிழார் கதையில் அவரைத் தடுக்கும் பண்ணையார் யாரும் இல்லை. ‘நாளைப் போவேன்’ என்று அவர் தள்ளிப்போடுவது, தன் பிறப்பை நினைத்துத் தானே தயங்குவதால். இரண்டாவது நந்தன், நரிமணத்தில் பிறந்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் நந்தன். நிலத்துக்குச் சொந்தக்காரரான வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் பாரதியார்தான். புராணத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்ற தகராறு அப்போதே எழுந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கொடுக்க முதலில் தயங்கியதையும், பின்பு கொடுத்ததையும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். ஆக, உங்கள் கூடத்தில் நடக்கும் விவாதத்துக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வயது. ஜெமினியின் 1942 படம் பாரதியார் வழியில் போவது. தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர். அதற்கு முன்பு 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்த படத்துக்குப் பிரதி கிடைப்பதில்லை. ஆகையால் ஒப்பிட்டுப் பார்க்க 1942 படமும் பாரதியாரின் கீர்த்தனைப் புத்தகமும்தான் கையில் இருக்கின்றன.

வேதியர் என்ற பாத்திரம் வந்ததும் கதையின் எடை மாறிவிடுகிறது. நந்தன் கேட்பது மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக விடை. மார்கழி என்றால் டெல்டாவில் சம்பா வயலில் நிற்கிறது, தையில் அறுப்பு. வேதியர் மறுப்பதற்குப் பின்னால் சாதியும் இருக்கிறது, பயிர்ப் பருவமும் இருக்கிறது. கீர்த்தனைக் கதையில் அவர் வைக்கும் நிபந்தனை நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்பது. ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். நாற்பது வேலி ஏறக்குறைய 264 ஏக்கர். ஏக்கர் அறுக்கப் பத்து ஆள் என்று குறைத்து வைத்தாலும் 2,600 ஆள் வேலை, அறுப்புக்கு மட்டும். நகரத்தில் இருப்பவருக்கு இது வெறும் எண். வயலில் இறங்கியவர்கள் கூட்டத்தில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், அந்த நிபந்தனையின் கொடுமையை உடம்பால் சொல்வார்கள். இறைவன் அருளால் ஒரே இரவில் வேலை முடிகிறது, வேதியர் நந்தன் காலில் விழுகிறார். பக்தராகப் பார்ப்பவர் அருளைப் பார்க்கிறார். பண்ணையாள் வாழ்க்கை தெரிந்தவர், மனிதனால் முடியாத வேலையை முடித்துக் காட்டினால்தான் ஒருவனுக்கு ஒரு நாள் விடுப்புக் கிடைத்தது என்று பார்க்கிறார். இரண்டும் காட்சியில் இருப்பவைதான். இந்தப் பகுதியில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல். 1942இல் இந்தப் படத்தைப் பார்த்தவர்களில் வேதியர் நிலையில் இருந்தவர்களும் நந்தன் நிலையில் இருந்தவர்களும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பாட்டுக்கு வருவோம். படத்தில் பாரதியாரின் கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவன் எழுதியவையும் கலந்திருக்கின்றன. இரண்டு கையும் ஒரே திசையில் போவதில்லை. பாரதியாரின் பாட்டுகள் பெரும்பாலும் வாசலில் நிற்பவனின் பேச்சு. ‘வருகலாமோ’ என்று மாஞ்சி ராகத்தில் கேட்பது, ‘வழிமறைத்திருக்குதே’ என்று நாட்டைக்குறிஞ்சியில் முறையிடுவது எல்லாம் இடம், தூரம், தடை பற்றியவை. படத்தில் இல்லாத கீர்த்தனைகளைத் தனியாக ஒலிநாடாவிலோ கச்சேரிப் பதிவிலோ கேட்கவைக்கலாம். சிவன் எழுதிய ‘பிறவா வரம் தாரும்’ லதாங்கியில் அமைந்தது. அது வாசலைப் பற்றிப் பேசவில்லை, பிறவியைப் பற்றிப் பேசுகிறது. சைவ மரபில் எந்த அடியாரும் கேட்கக்கூடிய வரம். ஆனால் நந்தன் வாயில் வரும்போது, இந்தப் பிறப்பில் இனி ஒருமுறை பிறக்க வேண்டாம் என்றும் கேட்கிறது. கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து அந்தச் சொல்லின் கனம் மாறும். தேசிகர் அதைப் பாடும் முறையில் ஓதுவார் மரபின் நிதானம் இருக்கிறது. திருச்செங்காட்டங்குடிக்காரர், தேவாரத்தில் வளர்ந்த குரல். கோபம் அந்தக் குரலில் வராது. கோபம் வராததாலேயே பெரியவர்கள் அதைச் சரணாகதி என்கிறார்கள், பிள்ளைகள் அடங்கிப்போதல் என்கிறார்கள்.

திருப்புன்கூருக்கு ஒருமுறை கூட்டமாகப் போய்வாருங்கள், வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அருகில்தான். நந்தி சந்நிதிக்கு நேராக இல்லாமல் விலகி இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு ‘சற்றே விலகியிரும் பிள்ளாய்’ என்ற பூர்வீகல்யாணிக் கீர்த்தனையைக் கேட்டால், விவாதம் இன்னும் கூர்மையாகும். இறைவன் தன் அடியாருக்காக நந்தியை நகரச் சொன்னான் என்பது ஒரு பார்வை. நந்தி விலகிய பிறகும் நந்தன் நின்ற இடம் வாசலுக்கு வெளியேதான் என்பது இன்னொன்று.

கதை முடிவில் சிதம்பரத்தில் நந்தன் தீ மூழ்கும் இடத்துக்குச் சேக்கிழார் வரியையே படித்துக் காட்டுங்கள்: ‘இப்பிறவி போய்நீங்க எரியினிடை நீமூழ்கி முப்புரிநூல் மார்பருடன் முன்னணைவாய்’. பிறவி நீங்குவது என்ற தத்துவமும் இதில் இருக்கிறது, பூணூல் அணிந்தவர்களுடன் சேர்ந்து வர அந்தத் தீ தேவைப்பட்டது என்பதும் இதில் இருக்கிறது. இரு தரப்பும் தங்கள் ஆதாரத்தை ஒரே வரியிலிருந்து எடுக்க முடியும்.

1942இன் சூழலையும் சொல்ல வேண்டும். 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தார்கள். அந்தக் காற்று அடங்காத காலத்தில் வந்த படம் இது. இன்னொரு பக்கம் தமிழிசை இயக்கம். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு, 1943இல் தமிழ் இசைச் சங்கம். கச்சேரி மேடையில் தமிழுக்கு இடம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, சிதம்பரத்தைப் பற்றிய ஒரு படம் தமிழ்ப் பாட்டுகளாலேயே நிறைந்திருந்தது வேறொரு வெற்றியாகத் தெரிந்திருக்கும். இந்தக் கோணத்தை இன்று யாரும் எடுப்பதில்லை. எடுத்துச் சொல்லத் தக்கது.

ஹரிதாஸ் இவ்வளவு சிக்கலானதில்லை, ஆனால் பாட்டும் கதையும் எதிரெதிராக இழுப்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது. பெற்றோரை மதிக்காமல் தாசி ரம்பாவிடம் சொத்தை இழந்து, கால்களையும் இழந்து, திருந்திப் பெற்றோருக்குத் தொண்டு செய்பவனின் கதை. கதை முழுக்க ஆசையை விடு என்கிறது. ஆனால் எண்பது வருஷமாக ஜனங்கள் பாடிக்கொண்டிருப்பது ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’. சாருகேசி ராகம் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கெல்லாம் தெரிந்தது அந்தப் பாட்டால்தான். பாட்டின் நடுவே பாகவதர் ‘ரம்பா’ என்று அழைப்பதும் டி.ஆர். ராஜகுமாரி ‘ஸ்வாமி’ என்பதும் ஒரு நொடி. படத்தின் நீதியை அந்த ஒரு நொடி கலைத்துவிடுகிறது என்று பிள்ளைகள் சொன்னால் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதே சமயம் பெரியவர்கள் ‘கிருஷ்ணா முகுந்தா முராரே’ என்ற நவரோஜ் பாட்டையே படத்தின் உயிர் என்றால் அதையும் மறுக்க முடியாது. இரண்டையும் பாபநாசம் சிவனே எழுதினார், ஒருவரே பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். பாகவதர் எதிலும் அரை மனத்தோடு பாடவில்லை என்பது கேட்கும். அதில்தான் படத்தின் வலு இருக்கிறது.

இதில் கவனிக்கப்படாத ஒருவர் ஹரிதாஸின் மனைவியாக வரும் என்.சி. வசந்தகோகிலம். நாகப்பட்டினத்தில் வளர்ந்து சங்கீதம் கற்ற, அந்நாளின் முதல் வரிசைக் கச்சேரிப் பாடகி. மனைவிக்கு இத்தகைய குரலும், ரம்பாவுக்கு ஆட்டமும் பேச்சும் என்று படம் பங்கு பிரித்திருக்கிறது. பெண்கள் பற்றிய விவாதம் வந்தால் இந்தப் பங்கீட்டிலிருந்து தொடங்குங்கள், வசனத்தைவிட நிறையச் சொல்லும்.

ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்தது. பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானது அந்த டிசம்பரில். விடுதலை 1947இல். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் என்று புகழ் பெற்றது. அதாவது முதல் சில வாரம் பார்த்தவர்கள் உச்சத்தில் இருந்த நாயகனைப் பார்த்தார்கள். பிறகு வந்தவர்கள், சிறையில் இருக்கும் ஒரு மனிதன் திரையில் எல்லாம் இழந்து கலங்குவதைப் பார்த்தார்கள். ஃபிலிமில் ஓர் அங்குலம் மாறவில்லை. பாகவதர் மாயவரத்தில் பிறந்தவர் என்பதால் நம் பக்கத்துப் பெரியவர்களிடம் அந்த வழக்கைப் பற்றிய பேச்சு இன்றும் சூடாகவே இருக்கும். தொடங்கினால் நிற்காது. ஆகவே அதற்குக் கடைசியில் தனி நேரம் ஒதுக்குங்கள், பாட்டைக் கேட்பதற்கு முன் அனுமதிக்காதீர்கள்.

தில்லானா மோகனாம்பாளுக்கு வரும்போது ஒரு பெரிய மாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். 1942, 1944 படங்களில் நடிப்பவரே பாடுகிறார். 1968இல் உடம்பு ஒருவருடையது, ஒலி இன்னொருவருடையது. சிக்கல் ஊர் நாதஸ்வர வித்துவான் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜியின் விரல்களுக்குப் பின்னால் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சு. அவர் காதலிக்கும் நாட்டியக்காரி மோகனாவாக வரும் பத்மினியின் அபிநயத்துக்குப் பின்னால் பி. சுசீலாவின் குரல். நாதஸ்வரம் தெரிந்தவர் உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார், அவரை முன் வரிசையில் உட்காரவைத்து விரல் துளை ஏழின் மேல் சிவாஜியின் விரல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே நழுவுகிறது என்று அவர் சொல்வது மற்றவர்களுக்குத் திரையைப் புதிதாகக் காட்டும். சிக்கல் வித்துவானுக்கு மதுரை வாசிப்பு என்பதையும் அவர் காது பிடித்துவிடும். பத்மினி வழுவூர் ராமையா பிள்ளையிடம் கற்றவர் என்பதால் ஆட்டத்தில் மாயவரம் பக்கத்து வாசனை உண்டு.

சண்முகசுந்தரத்தைப் பற்றித்தான் உங்கள் கூட்டத்தில் தகராறு அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள்: தன்மானக்காரரா, அகந்தை பிடித்த ஆணா? இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வையுங்கள். தொடக்கத்தில், கோயில் விழாவில் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கைச் சத்தம் குறுக்கிடுகிறது, வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறார். ஊர்வலத்தின் பின்னணிச் சத்தமாக நாயனத்தை நினைத்தவர்களுக்கு மேளக்காரர் கொடுத்த பதில் அது. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்றவர்கள் மேடையிலும் சபையிலும் மரியாதை கேட்டுப் பெற்ற வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தக் கோபம் இனிக்கும். பின்னால் மதன்பூர் அரண்மனைப் பகுதியில் மோகனாவைச் சந்தேகிக்கிறாரே, அங்கே வருவதும் அதே முகம், அதே கோபம். ஆனால் இப்போது எதிரே நிற்பது ஊர்ப் பெரிய மனிதர்கள் இல்லை, அவரை நம்பி வந்த பெண். சிவாஜி இரண்டையும் பிரித்து நடிக்கவில்லை. கலைஞனின் ரோஷமும் ஆணின் சந்தேகமும் ஒரே ஊற்று என்று காட்டியிருக்கிறார். ஒரு தரப்பு முதல் காட்சியை நினைத்துப் பேசுகிறது, மறு தரப்பு இரண்டாவதை. எந்தக் காட்சியைச் சொல்கிறீர்கள் என்று கேட்டாலே பாதித் தகராறு தணியும்.

‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’ பாட்டை நிதானமாக எடுங்கள். ஷண்முகப்பிரியாவில் தொடங்கும் ராகமாலிகை. சபைக்கு அது சண்முகனை, முருகனை அழைப்பது. தூணுக்குப் பின்னால் நிற்கும் சண்முகசுந்தரத்துக்கு அது தன் பெயர். தெய்வத்தையும் நாயகனையும் ஒரே சொல்லில் வைப்பது பதம் பாடும் மரபின் பழைய வழி, சீர்காழி முத்துத்தாண்டவர் காலத்திலிருந்து இந்த மண்ணில் பழகியது. இன்றைய பிள்ளைகள் இதில் மூன்றாவதாக ஒன்றைப் பார்ப்பார்கள்: ஒளிந்து நின்று ஒரு பெண்ணைப் பார்ப்பவனை, அவள் நாலு பேர் நடுவில் ஏன் ஒளிகிறாய் என்று கேட்கிறாள். இது படத்துக்கு வெளியிலிருந்து ஒட்டவைத்த பொருள் என்று பெரியவர்கள் ஒதுக்க வேண்டாம். பாட்டின் முதல் வரியே அந்தக் கேள்விதான். ‘நலந்தானா’வும் இப்படியே. இருவரும் மேடைக்கு வெளியே மனம்விட்டுப் பேச வழியில்லை. உடல்நிலை விசாரிக்க அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் ஆயிரம் பேர் பார்க்கும் கச்சேரி. அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள காட்சிகளை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் பார்த்தால் வெறும் காதல் பாட்டாகிவிடும்.

மோகனாவின் தாய் வடிவாம்பாள், பணக்காரரான சிங்கபுரம் மைனர், இடையில் தரகு பார்க்கும் வைத்தி மூவரும் வரும் இடங்களைச் சிரிப்புக் காட்சி என்று கடந்துவிடாதீர்கள். பணக்காரரிடம் மகளைச் சேர்க்க நினைக்கும் தாய் என்பது ஒரு தனிப்பட்ட பேராசைக்காரியின் கதை மட்டும் இல்லை. தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. அதற்குப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இலேயே மைனர்களையும் தாய்க்கிழவிகளையும் வைத்து ஒரு நாவல் எழுதினார். மூவலூர் மாயவரத்துக்குப் பக்கம்தான். படம் அந்த வழக்கத்தை விளக்குவதில்லை, பார்ப்பவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நகர்கிறது. 1968இல் பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தது. இன்று இருபது வயதினருக்குத் தெரியாது. ஆகவே வடிவாம்பாளை வெறும் வில்லியாகப் பார்க்கிறார்கள். படம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் இதைச் சொல்லிவிட்டால் போதும். படம் வந்த அதே 1968இன் டிசம்பரில், சிக்கல் இருக்கும் அதே நாகைப் பகுதியில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கோயில், மேடை, பங்களா, ரயில் என்று நகரும் படத்தில் வயலுக்கு இடமில்லை. இதை யாராவது சொன்னால் படத்தின் மீது பழி போடுவதாக எண்ண வேண்டாம். டெல்டா என்றதும் சங்கீதம் மட்டும் நினைவுக்கு வருவதற்கு இப்படிப்பட்ட படங்களும் காரணம் என்பது சிந்திக்கத் தக்க கருத்து.

கூட்டத்தை நடத்தும் முறை. படம் முடிந்த அன்றே விவாதம் வைக்காதீர்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்கள் களைப்பில் ஏற்கெனவே இருந்த கருத்தைத்தான் திருப்பிச் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து 90 நிமிடக் கூட்டம், அதில் மூன்று பாட்டு, பாட்டுக்கு 25 நிமிடம். நாலு நிமிடப் பாட்டு என்றால் முதலில் திரையை அணைத்து ஒலியை மட்டும் கேட்கவைக்க வேண்டும். அடுத்து ஒலியை அணைத்துக் காட்சியை மட்டும் ஓட்ட வேண்டும். மூன்றாவதாக, முந்திய மூன்று நிமிடமும் பிந்திய இரண்டு நிமிடமும் சேர்த்து ஒன்பது நிமிடம் முழுதாக. ஆகமொத்தம் 17 நிமிடம், மீதி எட்டு பேச்சுக்கு. வரிசையை மாற்ற வேண்டாம். காட்சியை முதலில் பார்த்துவிட்டால் காது தனியாக வேலை செய்யாது. ஒலி மட்டும் கேட்கும் சுற்றில் கூடவே பாடுபவர்கள் வருவார்கள், தேசிகர் பாட்டுக்கும் பாகவதர் பாட்டுக்கும் தவிர்க்கவே முடியாது. முடிந்த பிறகு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து பாடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அடக்கிக்கொள்வார்கள்.

பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் ஒரே வரி எழுதட்டும்: இந்தப் பாட்டு யார் காதில் விழ வேண்டும் என்று பாடப்படுகிறது? பெயர் வேண்டாம், வயது வேண்டாம். சீட்டுகளைக் கலந்து நீங்கள் படியுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதலில் பேசுகிற பெரியவரின் கருத்தையே பாதிப் பேர் பின்பற்றுவார்கள், பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள் அல்லது எதிர்த்துப் பேச வேண்டும் என்றே பேசுவார்கள். சீட்டு முறையில் எழுபது வயதுக்காரர் சாதியைப் பற்றி எழுதியிருப்பதும், இருபது வயதுக்காரர் பக்தியைப் பற்றி எழுதியிருப்பதும் தெரியவரும்.

சிறு பிள்ளைகளை நந்தனாருக்கு அழைத்துவரலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: அழைத்துவாருங்கள், ஆனால் தீக் காட்சியோடு அனுப்பிவிடாதீர்கள். அது அவர்களுக்கு ஒரு தண்டனையாகத்தான் தெரியும், ஏன் அவரை மட்டும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கூடத்தில் இருக்கும் இரண்டு பேர், இரண்டு வேறு கருத்து உள்ளவர்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம் பிள்ளைகளிடம் நேராகப் பதில் சொல்லட்டும். அந்த இருவரையும் முன்னாலேயே தேர்ந்தெடுத்து, கையில் சேக்கிழார் வரியையும் பாரதியார் கீர்த்தனைப் புத்தகத்தையும் கொடுத்துவையுங்கள்.